நீதித்துறையும் அரசின் அங்கமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சட்டத்தையோ ஆணையையோ நீதிமன்றம் ரத்து செய்யும்போதெல்லாம், மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் பணியில் தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் தலையிடலாமா என்ற கேள்வி எழுகிறது. நீதித்துறையும் அரசின் ஓர் அங்கமே என்பதை இக்கேள்வி மறந்துவிடுகிறது. சட்டமன்றம் இயற்றி, நிர்வாகம் செயல்படுத்தும் சட்டத்தின் பொருள் என்ன, குறிப்பிட்ட வழக்குக்கு அது எவ்வாறு பொருந்தும், அரசியலமைப்பு வகுத்த எல்லையை அது மீறுகிறதா என்பவற்றைத் தீர்மானிப்பது நீதித்துறையின் கடமை. இவற்றுள் கடைசி அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் நிலைநாட்டியது. இன்று பல நாடுகளின் அரசியலமைப்புகளிலேயே அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது நீதிபதிகளின் பதவிப் பாதுகாப்பு. இங்கிலாந்தில் மன்னர் தம் விருப்பப்படி நீதிபதிகளை நீக்கிவந்த காலத்தில், அரசுக்கு எதிராக வழக்காடிய குடிமகனுக்கு நியாயம் கிடைக்கும் என்ற உறுதி ஏதும் இருக்கவில்லை. நன்னடத்தை உள்ளவரை பதவி நீடிக்கும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கோரினால் நீக்கலாம் என்று 1701-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. இப்பாதுகாப்பு நீதிபதிக்கு அளிக்கப்பட்ட சலுகை அன்று. எளியவர் வலியவரோடு சமமாக நின்று வழக்காடுவதற்கான ஏற்பாடு.

தீர்ப்புகளை விமர்சிக்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. தாமதத்தை விமர்சித்தே ஆக வேண்டும். ஆனால், தீர்ப்பைச் செயல்படுத்த நிர்வாகத்தையே நம்பியிருக்கும் நீதிமன்றத்தின் ஆணையை ஆட்சியிலிருப்போர் கிடப்பில் போடுவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்