ஜீப்பை உயர்த்தினால் அச்சின் சாய்வையும் சரிசெய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் பயிரிடும் எங்களுக்கு, தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரை விளைச்சலைக் கொண்டுவர ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. மண்பாதைப் பாறைகளில் அடிப்பாகம் தட்டக் கூடாது என்பதற்காகவும், பெரிய டயர் பொருத்துவதற்காகவும், பட்டை ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு) உள்ள வண்டிகளை உயர்த்திக்கொள்ளும் வழக்கம் இங்கே பரவியுள்ளது. உயர்த்தித் தரும் பட்டறைகளில் பலவும் உயரத்தை மட்டுமே அளக்கின்றன. உயர்த்திய பிறகு அச்சு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. இதனால் நேரும் ஆபத்தை அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் பழைய ஜீப்பின் நான்கு ஷேக்கிள்களையும் (பட்டையின் ஒரு முனையை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுடன் இணைக்கும், ஆடக்கூடிய இணைப்புகள்) எடுத்துவிட்டு, அவற்றைவிட 2 அங்குலம் நீளமானவற்றை ஒரு பட்டறையில் பொருத்தினேன். பட்டையின் மறுமுனை சேசிஸில் நிலையாக நிற்பதால், நீட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். வண்டி 1 அங்குலமே உயர்ந்தது. மறுவாரம் பூண்டு மூட்டைகளுடன் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கியபோது, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்த பின்பும் ஸ்டியரிங் தானாக நேராகவில்லை. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. சமவெளிக்கு வந்ததும் ஒரு சிறு பள்ளத்தில் சக்கரம் விழுந்தது. உடனே முன்சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்கின. வண்டியை முழுவதுமாக நிறுத்தும் வரை அந்த உதறல் ஓயவில்லை. பக்கத்து இருக்கையில் என் மகள் இருந்தாள். அந்த உதறல் மலைச்சரிவில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காரணத்தை வயதான மெக்கானிக் ஒருவர்தான் விளக்கினார். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு, அதன் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். ஜீப்பின் முன்சக்கரம் எந்த முளையைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னுக்கும் அதே போன்ற சாய்வு உண்டு. காஸ்டர் எனப்படும் அது, இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும் நேர் அச்சு ஜீப்புகளில் பொதுவாக 3 முதல் 6 டிகிரி வரை இருக்கும். என் வண்டியைப் போல முன்பட்டையின் முன்முனையில் ஷேக்கிள் இருந்தால், அதை நீட்டும்போது பட்டையின் முன்பக்கம் இறங்கி, அச்சும் முன்னோக்கிச் சுழல்கிறது. இரு முனை வளையங்களுக்கும் இடையே (கண்ணுக்குக் கண்) 40 அங்குலம் உள்ள பட்டையில் ஒரு முனையை 2 அங்குலம் இறக்கினால், அச்சு ஏறக்குறைய 3 டிகிரி சுழன்றுவிடும். 3 டிகிரி இருந்த வண்டியில் பிறகு என்ன மிஞ்சும்? ஒரே ஒரு அங்குல உயரத்துக்காக, ஸ்டியரிங்கை நேராக்க உதவும் அந்தச் சாய்வை ஏறக்குறைய முழுவதுமாக நான் இழந்திருக்கிறேன்.

பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைத்து அவர் அதைச் சரிசெய்தார். அலுமினியத் தகடு நாளடைவில் நசுங்கி உடையும் என்பதால் அதை ஏற்கவில்லை. தகட்டின் கனத்துக்கேற்ப பட்டைகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட்டை நீளமானதாகவும், பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைப் புதியனவாகவும் போட்டார். ஆனால் ஆப்பும் முழுத் தீர்வல்ல என்பதை அவரே எச்சரித்தார்: கிங் பின்னைப் பின்னோக்கிச் சாய்க்கும் அளவுக்கு முன் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூக்கு (ஷாஃப்ட் இணையும் முனை) கீழே இறங்கி, எஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டுகளுக்குச் சுமை கூடும். அதிகம் உயர்த்த உயர்த்த இந்த முரண்பாடு முற்றும் என்பதால், முன்பிருந்த ஷேக்கிளை மீண்டும் போடுவதே மேல் என்றார். அடுத்த அறுவடைக்குள் நானும் அப்படியே மாற்றிவிட்டேன்.

பின் அச்சிலும் கவனம் வேண்டும். இருமுனையிலும் ஒற்றை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்ட்டில், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தண்டும் டிஃபரன்ஷியலின் மூக்கும் ஓடும்போது இணையாக இருந்தால்தான் அதிர்வு அடங்கும். இழுவையில் மூக்கு மேலே எழும் என்பதால், நிற்கும்போது அதை 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம். உயரம் கூட்டப் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே வைக்கும் உயரக்கட்டையை முன் அச்சில் வைப்பதும், பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டைகளை அடுக்குவதும் எந்த நிலையிலும் கூடாது. பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. அந்தச் சட்டத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் வண்டியை உயர்த்தும் எண்ணமே இல்லாதவர்களும்கூட, தளர்ந்த பட்டையைக் கொல்லரிடம் கொடுத்து வளைவு ஏற்றும்போதும், கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கும்போதும் இதே கோணங்கள் மாறிவிடுகின்றன.

எனவே, தகுதிச் சான்றுக்கு வரும் பட்டை ஸ்பிரிங் ஜீப்புகளில் காஸ்டர் கோணத்தையும் அளந்து பார்க்குமாறு திண்டுக்கல் மாவட்டப் போக்குவரத்து அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சமதளத்தில், சக்கரங்கள் தரையில் சுமையுடன் நிற்க, ஒரு கோணமானியை வைத்துப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பட்டை வேலை செய்யும் பட்டறைக்காரர்களும், வேலைக்கு முன்பும் பின்பும் அளந்த கோணத்தை ரசீதிலேயே எழுதித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.