மெம்ஃபிஸிலேயே குடியிரு, மக்களே

மக்களே,

புது விமானி வேலைக்கு எங்கே குடியிருப்பது என்று நீ அனுப்பிய இரண்டு கணக்கையும் பார்த்தேன். ஜெர்சி சிட்டி வீட்டை விடாமல், மெம்ஃபிஸில் நாலைந்து பைலட்டுகளோடு சேர்ந்து படுக்க ஒரு கட்டில் மட்டும் எடுப்பது முதல் கணக்கு. வீட்டைக் காலி செய்துவிட்டு மெம்ஃபிஸுக்கே குடிபோவது இரண்டாவது. அப்பா முதல் கணக்குக்குத்தான் ஓட்டுப் போட்டார். "எல்லாம் இருக்கிற ஊரை விட்டுட்டு அந்த ஊர்ல போய்த் தனியா என்ன செய்வா?" என்கிறார். என் ஓட்டு இரண்டாவதுக்கு. போனில் காரணம் சொல்ல வந்தால் "சரிம்மா, சரிம்மா" என்று ஓட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

பகலில் பறக்கிற வேலையாக இருந்தால் நான் இவ்வளவு அடம்பிடிக்க மாட்டேன். உனக்குக் கிடைத்திருப்பது ஃபெட்எக்ஸ், சரக்கு விமானக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் மூளையே ராத்திரியில்தான் வேலை செய்கிறது. 1973 ஏப்ரல் 17 அன்று 14 சின்ன ஃபால்கன் விமானங்களில் 186 பொட்டலங்களை 25 ஊர்களுக்கு அனுப்பித் தொடங்கினார்கள். அன்றைய ஏற்பாடுதான் இன்றும்: சாயங்காலம் ஊர் ஊராகக் கிளம்பி, நடுராத்திரி வாக்கில் எல்லா விமானமும் மெம்ஃபிஸில் வந்து குவிய வேண்டும், சரக்கைப் பிரித்து மாற்றி ஏற்ற வேண்டும், விடியுமுன் மறுபடி கிளம்ப வேண்டும். நாட்டுக்கு ஏறக்குறைய நடுவில் இருப்பதாலும், பனி விழுந்து ஓடுதளம் அடிக்கடி மூடாததாலும் அந்த ஊரைப் பிடித்தார்கள். ஆக, மனுஷ உடம்பு படுத்துக்கொள் என்று கெஞ்சுகிற நேரத்தில்தான் உனக்கு லேண்டிங்கும் டேக்ஆஃபும்.

ராத்திரி டியூட்டி பற்றி உனக்குச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. வார்டில் என் காலம் பாதி அதில்தான் போனது. மூன்று மணி முதல் ஐந்து மணி வரை ஒரு கண்டம். அந்த நேரத்தில் மருந்தின் அளவை இரண்டு தடவை பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவளையும் ஒரு தடவை பார்க்கச் சொல்வேன். அது பயத்தினால் இல்லை. அந்த நேரத்து மூளை, தான் சரியாக இருப்பதாகவே நம்பும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவளுக்குத் தன் கலக்கத்தை அளக்கத் தெரியாது, கேட்டியா? "எனக்குப் பழகிப்போச்சு" என்று சொன்ன எத்தனையோ பேர் காலையில் வண்டியோட்டி வீட்டுக்குப் போகும்போது சிக்னலில் கண்ணயர்ந்திருக்கிறார்கள்.

இப்போது முதல் கணக்கை எடுத்துக்கொள். ஜெர்சி சிட்டிக்குப் பக்கத்து நியூவார்க் விமான நிலையத்தில் சாயங்காலம் ஜம்ப்சீட், அதாவது விமானிகள் ஓசியில் போகிற கூடுதல் இருக்கை, கேட்டு நிற்பாய். இடம் கிடைத்தால் ராத்திரி மெம்ஃபிஸ். அதற்குப் பிறகுதான் உன் டியூட்டியே ஆரம்பம். சம்பளப் பட்டியலில் அந்த முதல் பயணம் கிடையாது, உன் உடம்பின் பட்டியலில் உண்டு.

2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே விழுந்த கோல்கன் கம்பெனிப் பயணிகள் விமானத்தைப் பற்றி உன் வகுப்பில் நிச்சயம் படித்திருப்பாய். விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர், மொத்தம் 50 பேர் போனார்கள். நியூவார்க்கிலிருந்து கிளம்பிய விமானம். அதன் துணை விமானி 24 வயதுப் பெண். அவள் வீடு நாட்டின் அந்தக் கோடியில், சியாட்டில் பக்கம். முந்தின ராத்திரி அங்கிருந்து ஃபெட்எக்ஸ் விமானத்தில் ஜம்ப்சீட் போட்டு மெம்ஃபிஸ் வந்தாள். அங்கே கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு, இன்னொரு ஃபெட்எக்ஸ் விமானத்தில் விடிகாலை நியூவார்க் வந்து இறங்கினாள். சளி வேறு. கேப்டனும் ஃப்ளோரிடாவிலிருந்து வந்து போகிறவர்தான். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்ததுதான் காரணம் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். இருவரும் களைப்பாகத்தான் இருந்திருப்பார்கள், ஆனால் அந்தக் களைப்பின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள். அதனால் களைப்பால்தான் விழுந்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் வந்த வழியைப் பார். சியாட்டிலை எடுத்துவிட்டு நியூ ஜெர்சியைப் போட்டால் உன்னுடைய முதல் கணக்குதான்.

அந்த விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்தவர்களுக்கே ஏர்லைன் வேலை என்றானது. அந்த மணிகளைச் சேர்க்கத்தானே வேகாத வெயிலில் செஸ்னா சின்ன விமானத்தில் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தாய்! விமானிகளின் ஓய்வு நேர விதிகளையும் திருத்தி 2014 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது பயணிகள் விமானங்களுக்கு மட்டும். சரக்கு விமானங்களை விட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் இருப்பது ஆளா, செருப்பா என்று பார்த்தா ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வரும்? 2013-ல் பர்மிங்ஹாமில் விடியுமுன் இறங்கப்போன யுபிஎஸ் சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அங்கே கேப்டன் இறக்கிய விதத்தோடு துணை விமானியின் தூக்கமின்மையையும் விசாரணை அறிக்கை எடுத்துச் சொன்னது. சட்டம் உனக்குத் தராத ஓய்வை நீயேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே வழி, விமான நிலையத்திலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேருகிற தூரத்தில் சொந்தக் கட்டில்.

இன்னொன்று. நீ சீனியாரிட்டியில் கடைசி ஆள். கொஞ்ச காலம் ரிசர்வில்தான் இருப்பாய். கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டாலும் அந்த ஊரிலேயே காத்திருக்க வேண்டும். மெம்ஃபிஸில் வீடிருந்தால் அந்த நாளில் துணி துவைப்பாய், சமைப்பாய், தூங்குவாய். இல்லையென்றால் அடுக்குக் கட்டில் போட்ட அறையில் அலாரம் அடிக்கிறவர்கள், குறட்டை விடுகிறவர்கள் நடுவே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய்.

பணக் கணக்கில் நீ ஒன்றை விட்டிருக்கிறாய். மெம்ஃபிஸ் இருக்கிற டென்னசி மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. விமானி குடியிருக்கிற மாநிலம் வரி கேட்கலாம் என்பதால், ஜெர்சியில் இருந்துகொண்டு மெம்ஃபிஸில் வேலை பார்த்தால் ஜெர்சிக்காரன் கேட்பான். டென்னசியில் விற்பனை வரி அதிகம், அரிசி பருப்புக்கும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள். அப்போதும் இரண்டாவது கணக்குதான் ஜெயிக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது கால்குலேட்டரை எடுத்தார், கொஞ்ச நேரம் தட்டினார், பிறகு பேச்சை மாற்றினார்.

வீடு பார்க்கும்போது நீச்சல் குளம் இருக்கா, ஜிம் இருக்கா என்று பார்க்காதே. படுக்கையறை ஜன்னல் எந்தத் திசை என்று பார். காலை வெயில் அடிக்காத அறை வேண்டும். மேல் மாடி எடு, தலைக்கு மேல் யாரும் நடக்கக் கூடாது. குப்பை வண்டி வந்து நிற்கிற இடத்துக்கும் பார்க்கிங்குக்கும் எதிர்ப்பக்கம் எடு. அந்தத் தென் மாநிலங்களில் புல் வெட்டுகிற சத்தம் வருஷத்தில் பாதிக்கு மேல் கேட்கும், அதுவும் நீ தூங்குகிற நேரத்தில். வெளிச்சம் புகாத தடித்த திரையை முதல் நாளே மாட்டு. சோஃபாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். காலையில் டியூட்டி முடித்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விழித்துக்கொள்ளும். கண் சொருகினால் வண்டியை எடுக்காதே. அங்கேயே படுத்து எழுந்து போ, விமானிகள் தூங்க அறை இருக்கிறது அல்லவா? லீவு நாளில் ஒரேயடியாகப் பகல் மனுஷியாக மாறிவிடாதே. விடிகாலையில் சில மணி நேரமாவது எல்லா நாளும் ஒரே நேரத்தில் தூங்கப் பார்.

அந்த ஊரைப் பற்றி அப்பா சொல்வதும் முழுப் பொய்யில்லை. பயணிகள் விமானங்கள் குறைவு. டெல்டா தன் மையத்தை 2013-ல் மூடிய பிறகு பல ஊர்களுக்கு நேர் விமானமே இல்லாமல் போனது. குற்றச் செய்திகளும் வருகின்றன. எந்தத் தெரு என்பதை அங்கே வேலை பார்க்கிற பெண் பைலட்டுகளிடம் கேள், இன்டர்நெட்டில் கேட்காதே. சூறாவளிச் சங்கு ஊதினால் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. 'வாட்ச்' என்றால் வரலாம், 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் நம் வீடு மாதிரி பேஸ்மென்ட் இருக்காது. மேல் மாடி வீடென்றால் கீழே எந்த ஜன்னலில்லாத இடத்துக்கு ஓட வேண்டும் என்று குடிபோகும் அன்றே கேட்டு வை. பூகம்பப் பகுதியும்கூட. 1811-லும் 1812-லும் நியூ மாட்ரிட் பக்கம் குலுங்கியபோது மிசிசிப்பியே கொஞ்ச நேரம் பின்னோக்கி ஓடியதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வெண்டைக்காய் அவர்களுடைய காயும்தான், சோளமாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். தட்டைப்பயறும் கீரையும் வேகவைத்துச் சாப்பிடுகிற ஊர். கடல் மீனுக்குத்தான் நாக்கு ஏங்கும். நாகர்கோவில்காரிக்குக் குளத்து மீனெல்லாம் மீனா என்று தோன்றும். வளர்ப்புக் கெளுத்தியைக் குடம்புளி போட்டு வைத்துப் பார், மோசமில்லை. புளி நான் கொண்டுவருகிறேன்.

அந்தத் தென் மாநிலங்களில் பழகின கொஞ்ச நேரத்திலேயே "எந்தச் சர்ச்சுக்குப் போகிறாய்?" என்று கேட்பார்கள். ஜெர்சியில் அப்படிக் கேட்டால் சண்டைதான். அங்கே அது ஊரைக் கேட்பது போல. முறைக்காதே. ஞாயிறு தூக்கத்தை விட்டு ஆராதனைக்குப் போ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூப்பிட்டால் ஒருமுறை போ. அடுப்பில் கேஸ் மணம் வந்தால் கூப்பிட நாலு பேர் வேண்டும். தெருவில் யாராவது கையசைத்தால் நீயும் அசை, அங்கே அது மரியாதை.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வீடான கிரேஸ்லேண்டை நீ போய்ப் பார்க்காமல் விட மாட்டாய். அதற்கு முன் லொரேன் மோட்டலுக்குப் போ. 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்களைக் குப்பை லாரியின் இயந்திரமே நசுக்கிக் கொன்றது. அதற்குப் பிறகு நடந்த வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கத்தான் மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்தார். ஏப்ரல் 4 அன்று அந்த மோட்டல் மாடியில் அவரைச் சுட்டார்கள். இப்போது அது அருங்காட்சியகம். நீ குடியேறப்போவது கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழ்கிற நகரம். அவர்கள் கதை தெரியாமல் அங்கே வாடகை கொடுக்காதே.

எனக்கு அந்த ஊர்மேல் வேறொரு பிரியமும் இருக்கிறது. 1878-ல் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது வசதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிவிட்டார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷம் நகரம் என்ற அந்தஸ்தைத் தருகிற சாசனமே போயிற்று. ஓடாமல் தங்கி நோயாளிகளைக் கவனித்த கன்னியாஸ்திரிகளில் பலர் அந்தக் காய்ச்சலிலேயே போனார்கள். நர்சிங் பார்த்தவளுக்கு அதைக் கடந்து போக முடியாது. 1962-ல் தொடங்கிய செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையும் அங்கேதான். சிகிச்சைக்கென்று பெற்றோருக்குப் பில் அனுப்பாத இடம். நான் வரும்போது அந்தக் காய்ச்சலில் போனவர்கள் பலர் கிடக்கிற எல்ம்வுட் கல்லறைக்குக் கூட்டிப்போ. அப்பா வேண்டுமானால் பீபாடி ஹோட்டலில் வாத்துகள் ஊர்வலம் போவதைப் பார்க்கட்டும்.

கல்யாணப் பேச்சு இந்தக் கடிதத்தில் இல்லை. அதற்குத் தனிக் கடிதம் வரும்.

வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. வேறு ஊருக்கு மாற்றினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒரு வரி சேர்ப்பார்களா என்று கேள். குடிபோன முப்பது நாளுக்குள் டென்னசி டிரைவிங் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதே முப்பது நாளுக்குள் விமானிகளுக்கு உரிமம் தருகிற அரசுத் துறையான எஃப்ஏஏ-விடம் புது விலாசத்தைச் சொல்லாவிட்டால் நீ விமானம் ஓட்டவே முடியாது, அதை உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்சி வீட்டுக்காரருக்கு எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும் என்று பார்த்து, இந்த வாரமே கொடுத்துவிடு. பெட்டி கட்ட நானும் அப்பாவும் சனிக்கிழமை வருகிறோம்.

அம்மா