சரோவுக்கு, முந்தானை பற்றி

சிந்தாதிரிப்பேட்டை,
சென்னை – 2

அன்புள்ள சரோ,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்கு முட்டிவலிதான் காரணம். பிஸியோதெரபி செய்ய வரும் பெண் "படியே ஏறாதீங்க ஆன்ட்டி" என்கிறாள். எங்கள் வீடு இரண்டாவது மாடி என்று நானும் நாலு தடவை சொல்லிவிட்டேன். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். பேரன் பத்தாவது எழுதி முடித்துவிட்டான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் உன் ஏப்ரன் சமாச்சாரம்.

அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போய், மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு மூலையில் ஐயூகா என்ற குட்டி ஊரில் ஏப்ரனுக்கென்றே ஒரு மியூசியம் பார்த்தேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமைக்கும்போது முன்னால் கட்டிக்கொள்கிற துணிக்கு மியூசியமா! இங்கே எழும்பூர் மியூசியத்தையே நம் தாத்தா காலத்தில் செத்த காலேஜ் என்றுதானே சொன்னார்கள்? 1851லிருந்து இருக்கிறது. நடராஜர் இருக்கிறார், அமராவதிக் கற்கள் இருக்கின்றன. யாரோ ஒருத்தி கை துடைத்த துணி அங்கே ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆனால் மாவு மூட்டைத் துணியில் தைத்த ஏப்ரன்களைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு சிரிப்பு போய்விட்டது. 1930களின் கஷ்டகாலத்தில் பெண்கள் காலி மூட்டையைப் பிரித்துத் தைத்துக்கொள்வதைக் கம்பெனிக்காரர்கள் கவனித்து, மூட்டையிலேயே பூப்போட்டு விற்றார்களாம். கம்பெனி பெயரை மட்டும் துவைத்தால் போகிற மையில் அச்சடித்தார்களாம். என்ன சாமர்த்தியம்! பூ பிடித்தால் இன்னொரு மூட்டை மாவு போகும்.

ஆறாவது போட்டோவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட ஒன்று தொங்குகிறதே, அது மெட்ராஸ் கட்டம் மாதிரியே இருக்கிறது. 1950களின் கடைசியில் நம்மூர்க் கைத்தறிக் கட்டத்துணி அமெரிக்காவுக்குப் போய், துவைத்ததும் சாயம் போய், முதலில் சண்டையாகி, அப்புறம் சாயம் போவதுதான் அதன் அழகு என்று விளம்பரம் செய்தே விற்ற கதை உனக்குத் தெரியுமோ? நான் உட்கார்ந்து எழுதுகிற இந்தப் பேட்டையும் 1734ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நெசவாளிகளைக் குடியமர்த்திய இடம்தான். சின்னத் தறிப் பேட்டை. இன்றைக்குத் தறியைத் தேடினால் கல்யாணப் பத்திரிகைக் கடையும் மீன் மார்க்கெட்டும்தான் கிடைக்கும்.

மீன் மார்க்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே மீன் வெட்டும் அக்காக்கள் புடவைக்கு மேல் பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் பெண்கள் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். நான் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு காய்கறி வண்டிக்கு ஓடுகிறேன். இதற்கெல்லாம் நாம் ஏப்ரன் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெயர் என்று பார்த்தால் நம்மிடம்தான் சரியான பெயர் இருந்தது. தானை என்றால் துணி. முன்தானை, முன்னால் இருக்கும் துணி. ஏப்ரனுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் ஏது? அதைத் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு, வேலை என்று வந்தால் முன்னால் இழுத்துச் செருகிக்கொண்டோம்.

என் அம்மாவை நினைத்துப் பார். பூக்காரி முழம் போட்டுக் கொடுத்தால் வாங்க முந்தானை. பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை முந்தானை முடிச்சில். எனக்குக் கண்ணில் தூசி விழுந்தால் அதன் நுனியைத் திருகி வாயில் வைத்து ஊதி, சூடாகக் கண்மேல் ஒற்றுவாள். பெருங்காயமும் மண்ணெண்ணெயும் கலந்து அடிக்கும். குழம்புச் சட்டியை இறக்கவும் அதுதான்.

அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் எனக்குப் பெருமை கிடையாது. எங்கள் மாடியில் இருந்த அக்கா உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நைலெக்ஸ் புடவை, பம்ப் ஸ்டவ், முந்தானையால் பால் இறக்கினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கப்புறம் வாரப் பத்திரிகைகளில் முந்தானையைப் பற்றி யாராவது உருகி உருகி எழுதினால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். நாடாவால் இறுக்கிக் கட்டிய ஏப்ரனுக்கு நெருப்பைத் தேடிப் போகிற நுனி கிடையாது பார்.

ஆனால் நம்மிடம் ஏப்ரனே இல்லாமலா இருந்தது? ஒன்பதாவதில் தையல் வகுப்பு! வெள்ளைக் கேஸ்மென்ட் துணி, பையில் காம்புத் தையலில் ஒரு ரோஜா. டீச்சர் உன் ரோஜாவை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி "இது என்ன காய், சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். மொத்த வகுப்பும் கத்தரிக்காய் என்றது. நீ அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை, நானும் கத்தினேன் என்று. என்னுடையதை அம்மாவிடம் ஆசையாகக் கொடுத்தேன். "எனக்கெதுக்குடி இது, முந்தானை இருக்கே" என்று மடித்து வைத்துவிட்டாள். அப்புறம் மிக்ஸி வாங்கியபோது அதற்கு உறை ஆயிற்று. மிக்ஸி போகும்போது உறையும் போயிற்று.

அந்த மியூசியத்தில் கதையோடு கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், உன் அம்மா புடவையில் ஒரு துண்டு அனுப்பேன் என்று கேட்டிருக்கிறாய். டிரங்குப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். பட்டு இரண்டு இருக்கிறது, அம்மா அதைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் காலே வைத்ததில்லை. உனக்கு வேண்டிய கதையெல்லாம் பருத்திப் புடவைகளில்தான். அதில் இரண்டு பேரனுக்குத் தூளியாகி, பிறகு தரை துடைத்துத் தீர்ந்துபோயின. ஒன்று வடாம் பிழியும் துணி ஆகி, மொட்டை மாடி வெயிலிலேயே இற்றுப்போயிற்று. மூன்றைப் போட்டுப் பாத்திரக்காரரிடம் எவர்சில்வர் டபரா வாங்கினேன். அந்த டபராவில்தான் இப்போது காபி குடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

மாங்காய் பார்டர் போட்ட பச்சைப் புடவையின் முந்தானை மட்டும் மிச்சம். நாலாக மடித்துத் தைத்து மருமகள் பிடிதுணியாக வைத்திருக்கிறாள். கேட்டேன். "வேற ஏதாவது எடுத்துக்கோங்க அத்தை, இதுல பிடிச்சாத்தான் கை சுடறதில்ல" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடித்துக் குக்கரை இறக்கினாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆகவே என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. உன் கத்தரிக்காய் என்ன ஆயிற்று? நீ எதையும் தூக்கிப் போடமாட்டாயே. மறக்காமல் எழுது.

உன்,
வசந்தா