கார்ட்டூன் விமர்சனத்தைச் சிறுவர் பக்கத்திலிருந்து எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அடல்ட் கார்ட்டூன்களை, அதாவது பெரியவர்களுக்கான கார்ட்டூன்களை, கண்டித்து வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கானது, அதில் கெட்ட வார்த்தையும் மாந்திரீகமும் கலப்பது வக்கிரம் என்று ஒரே அடியாக அடித்துவிட்டார் கட்டுரையாளர். அதைவிட வருத்தம், அந்தக் கட்டுரை சிறுவர் பக்கத்தில் வந்திருந்தது.

ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகிறேன். அடல்ட் கார்ட்டூன் என்ற பெயரில் வருவதில் நிறையக் குப்பை இருக்கிறது. 1972-ல் ரால்ஃப் பக்ஷியின் ‘ஃப்ரிட்ஸ் தி கேட்’ அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மட்டும் என்று சொல்லும் எக்ஸ் சான்றிதழ் வாங்கிய முதல் அனிமேஷன் படமாக வந்தது. கார்ட்டூனிலும் பெரியவர்கள் விஷயத்தைப் பேசலாம் என்று அது கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களில் பலர், மூன்று வசனத்துக்கு ஒரு வசவும், ரத்தமும், படுக்கையறையும் இருந்தால் பெரியவர்களுக்கான படம் ஆகிவிடும் என்று நம்பிவிட்டார்கள். பதினான்கு வயதுப் பையன் பெரியவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது அதுதான். அவற்றைக் கண்டித்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் ஜிப்லி என்ற அனிமேஷன் ஸ்டூடியோ ஒரே காட்சியில் சேர்த்து இரண்டு படங்களை வெளியிட்டது. ஒன்று ‘மை நெய்பர் டோட்டோரோ’, எந்தக் குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். மற்றது இசாவோ தகாஹதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’. குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பட்டினியால் சாகும் கதை. பசி முற்றிய நிலையில் அந்தக் குழந்தை மிட்டாய் என்று நினைத்துக் கண்ணாடிக் கோலியை வாயில் போட்டுச் சப்பும். அதில் கெட்ட வார்த்தை இல்லை, ஆபாசம் இல்லை. ஆனாலும் அந்த இடத்தை ஐந்து வயதுக் குழந்தையின் தலையில் இறக்கி வைக்க எனக்கு மனம் வராது. போஸ்டரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே பக்கத்தில் போடும் பத்திரிகை, டோட்டோரோவை எதிர்பார்த்து உட்காரும் பிள்ளைக்கு இதைப் போட்டுக்காட்டப் பெற்றோரைத் தூண்டிவிடுகிறது.

நான் இயந்திர வடிவமைப்பில் வேலை பார்ப்பவள். ‘இதில் அறிவு எங்கே இருக்கிறது’ என்று கட்டுரையாளர் கேட்டதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. ‘ஃபியூச்சராமா’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில், இரண்டு பேரின் மனங்களை ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்கு மாற்றிவிடும் ஓர் இயந்திரம் வரும். ஒரு முறை மாற்றிக்கொண்ட இரண்டு உடல்கள் தங்களுக்குள் மறுபடி மாற்றிக்கொள்ள முடியாது. பலரும் மாறி மாறி உட்கார்ந்து எல்லாம் குழம்பிப்போன பிறகு எப்படிச் சரிசெய்வது? புதிதாக இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால், எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும் அவரவர் உடலுக்குத் திரும்பிவிடலாம் என்பதை அந்தக் கதையை எழுதிய கென் கீலர் உண்மையாகவே நிரூபித்தார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 2010-ல் ஒளிபரப்பான அந்தப் பகுதியில் நிரூபணம் பலகையில் எழுதியபடியே திரையில் தெரியும்.

இனி மாந்திரீகம். கட்டுரையாளர் பெயர் சொல்லித் திட்டியிருக்கும் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ எனக்கு மிகவும் பிடித்த ஜப்பானியத் தொடர். ஹிரோமு அரகாவா சிறுவர்களுக்கான மாத இதழில் எழுதி வரைந்த காமிக்ஸிலிருந்து உருவானது. அதன் மேல் ‘அடல்ட்’ என்ற முத்திரையே கிடையாது. ஆனால் முத்திரை குத்திய பல தொடர்களைவிட அது பெரியவர்களுக்கானது. இறந்த தாயை ரசவாதத்தால் மீட்கப் பார்க்கிறார்கள் இரண்டு சிறுவர்கள். தண்ணீர் 35 லிட்டர், கார்பன் 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு 1.5 கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம் என்று மனித உடலுக்கான கணக்கு மளிகைச் சீட்டு மாதிரி நீளும். பொருள் எல்லாம் சரியாக இருக்கிறது, தாய் மட்டும் வரவில்லை. அண்ணனுக்குக் கால் போகிறது, தம்பிக்கு உடலே போகிறது. தம்பியின் உயிரை மட்டுமாவது பிடித்து வைக்க அண்ணன் ஒரு கையையும் கொடுக்கிறான். ஒன்றைப் பெற அதற்கு ஈடானதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் அங்கே மந்திரத்தின் விதி. எங்கள் துறையில் பொருள் அழியாமை என்றும் ஆற்றல் அழியாமை என்றும் முதல் வருடமே படிப்பது இதன் பங்காளிதான். இதைப் பார்த்துப் பில்லி சூனியம் கற்றுக்கொள்வார்கள் என்பவர் தொடரை முழுதாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அந்த அண்ணனுக்கு இரும்புக் கை செய்து தருபவள் ஒரு சின்னப் பெண். ஒரு முறை கையைப் பொருத்தும்போது ஒரு திருகாணியை விட்டுவிடுவாள். சண்டையின் நடுவே கை செயலிழக்கும். மிஞ்சிக் கிடக்கும் திருகாணியைப் பார்த்ததும் அவள் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியும். நான் கையெழுத்திட்டு அனுப்பிய வரைபடத்தில் ஒரு லாக் நட் (மரை தளராமல் பிடிக்கும் நட்டு) விட்டுப்போனது மூன்று நாள் கழித்து நடுராத்திரியில் நினைவுக்கு வந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பொறியியலும் மறைஞானமும் ஒரே ஆளிடம் இருப்பது கதையில் மட்டும் நடப்பதும் இல்லை. நியூட்டன் ரசவாதம் பற்றி எழுதிக் குவித்த பக்கங்கள் ஏராளம். ராக்கெட்டுகளுக்குத் திட எரிபொருள் உருவாக்கியவர்களில் முன்னோடியான ஜாக் பார்சன்ஸ், ஆங்கிலேய மாந்திரீகர் அலெய்ஸ்டர் க்ரௌலியின் சீடர். சோதனைக்கு முன் க்ரௌலி எழுதிய துதிப்பாடலைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. 1952-ல் வீட்டு ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் இறந்தார். இப்படிப்பட்ட மனிதர்களைக் காட்டக் கார்ட்டூன்தான் தோதான வடிவம் என்பது என் கருத்து. பற்சக்கரத்தையும் மந்திர வட்டத்தையும் அங்கே ஒரே கை, ஒரே கோட்டில் வரைகிறது. ஒன்று நிஜமாகவும் மற்றது ஒட்டவைத்ததாகவும் தெரியாது.

‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடரில் நீனா என்று ஒரு குழந்தை. அவள் அப்பா அரசு உரிமம் பெற்ற ரசவாதி. வருடாந்தர மதிப்பீடு நெருங்குகிறது, காட்ட ஒன்றும் இல்லை. பேசும் விலங்கை உருவாக்கினால் உரிமம் தப்பும். சொந்த மகளையும் அவளுடைய வளர்ப்பு நாயையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார். அந்த உருவம் தலையைத் தூக்கி, இரும்புக் கைக்காரனான அந்த மூத்தவனைத் திக்கித் திக்கி ‘அண்ணா’ என்று கூப்பிடும். கெடு தேதிக்கு பயந்து, முடியாததை முடிந்ததாகக் காட்டச்சொல்லும் நெருக்கடி என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பொறியாளருக்கான ஒழுக்கம் பற்றி நான் கேட்ட எந்த வகுப்பும் அந்த ஒரு காட்சி செய்ததைச் செய்ததில்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே. அனிமேஷன் விமர்சனங்களைத் திரைப்படப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எந்த வயதுக்கு ஏற்றது என்பதோடு, ஏன் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் நியூட்டனையும் பார்சன்ஸையும் வெட்டிவிடுங்கள். நீனாவைப் பற்றிய பத்தியை மட்டும் அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி