வகுப்பு வட்ஸ்அப் குழுவும் அம்மாயியின் போனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவசரத்துக்காகத் தொடங்கப்பட்ட வகுப்பு வட்ஸ்அப் குழுக்கள், பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் கடந்தும் எங்கள் மலையகத் தோட்டங்களில் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வீட்டுப்பாடமும் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளும் இன்றும் அவற்றின் வழியே வருகின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், பிள்ளை போனைக் கையில் எடுப்பதே பாடசாலை வேலைக்காக என்றாகிவிட்ட பின், அந்தப் போனில் நடப்பதை 'வீட்டு விஷயம்' என்று பாடசாலை ஒதுக்கிவிட முடியாது. வட்ஸ்அப்பிலும் டிக்டொக்கிலும் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகக் கணக்குத் தொடங்க முடியாது என்பதுதான் விதி. இங்கோ கணக்கு அம்மாயியின் பெயரில் இருக்கிறது. அதைப் பார்ப்பது ஒன்பது வயதுப் பேத்தி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில் கடை வேலை. விளையாட்டுப் போட்டியில் பரிசு பெற்ற அவர்களுடைய மகளின் படம், பெயரோடும் வகுப்போடும் குழுவில் போடப்பட்டது. குழுவில் இருந்த ஓர் இலக்கம், தோட்டத்தை விட்டுப் போன ஒரு பெற்றோருடையது. அது எப்போதோ வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. அந்த ஆள் தனியாகச் செய்தி அனுப்பி, "இன்னொரு போட்டோ அனுப்பினால் ரீலோட் போடுகிறேன், அம்மாயிக்குச் சொல்லாதே" என்று கேட்டிருக்கிறான். பிள்ளை ஒருவரிடமும் சொல்லவில்லை. "சேர், நூறு ரூபாய்க்கு எத்தனை நாளைக்கு டேட்டா வரும்?" என்று என்னிடம் கேட்கப்போய்த்தான் விஷயம் வெளியே வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ தவறான வீடியோ வந்ததைத் தானாகவே போய்ச் சொன்னதற்கு அடி வாங்கினானாம்; போனையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அதைப் பார்த்த பிள்ளை எப்படி வாய் திறக்கும்? சொன்ன பிள்ளையைத் தண்டிக்காமல் இருப்பதுதான், எந்தப் பாதுகாப்பு அமைப்பையும் விட முதலில் பெற்றோருக்குச் சொல்லப்பட வேண்டியது.

இதற்கென்று விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. ஆனால் வார நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால், தேயிலைக் கொழுந்து மலையில் நிற்கும் தாய் அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்துவிட்டு எப்படி வருவார்? ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் கூட்டி, திரையில் படம் காட்டுவதற்குப் பதிலாக, அவரவர் போனை அவரவர் கையில் வைத்துக்கொண்டே பழக்க வேண்டும். தெரியாதவர்கள் நம்மைக் குழுக்களில் சேர்க்க முடியாதபடியும், சுயவிவரப் படத்தைப் பார்க்க முடியாதபடியும் மாற்றிவைக்க ஐந்து நிமிடம் போதும். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாயிக்கும் ஒருமுறை தொட்டுக் காட்டினால் பிடிபடும். பாடசாலைத் தரப்பில், குழுவில் அட்மின் மட்டுமே செய்தி போடும்படி வைப்பதும், பிள்ளையின் படத்தையும் பெயரையும் சேர்த்துப் போடாதிருப்பதும் காசு செலவில்லாத காரியங்கள்.

என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆத்திரத்தில் அந்தச் செய்திகளை நானே அழித்துவிட்டேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலவச இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலேயே முறையிடலாம். ஆனால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகே அந்த ஆளின் இலக்கத்தைத் தடை செய்து, செய்திகளை அழித்திருக்க வேண்டும்.

வகுப்பாசிரியரிடம் சொன்னதும் அவனுடைய இலக்கம் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. மீதியுள்ள நாற்பத்துச் சொச்சம் இலக்கங்கள் யார் யாருடையவை என்று வகுப்பு இடாப்போடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.