மேயர் போஸைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நேதாஜி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் சிங்கப்பூரின் கத்தே கட்டடம், பாடாங் திடலில் நடந்த அணிவகுப்பு, பெண்களின் ஜான்சி ராணிப் படை, 1945இல் பிரிட்டிஷ்காரர்கள் தகர்த்த இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னம் என்று எல்லாம் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் வருஷா வருஷம் இதையேதானே எழுதுகிறோம்? இங்கே வருவதற்கு 13 வருஷம் முன்பே அவர் கல்கத்தாவின் மேயர் என்று சொன்னால், நன்றாகப் படித்தவர்களே "அப்படியா?" என்கிறார்கள்.

1924இல் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தா மேயரானதும், 27 வயது போஸை மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாக உட்கார வைத்தார். சம்பளம் மாதம் 3,000 ரூபாய். போஸ் வாங்கிக்கொண்டது பாதிதான். இலவச ஆரம்பப் பள்ளிகள், ஊழியர்களுக்குக் கதர்ச் சீருடை, வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் கொடுத்துவந்த நகர வரவேற்பு இனிமேல் தேசியத் தலைவர்களுக்கு என்று வேலை சூடு பிடித்த நேரத்தில், அக்டோபரில் விசாரணை எதுவும் இல்லாமல் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அலிப்பூர் சிறைக்குக் கொஞ்ச நாள் மாநகராட்சிக் கோப்புகள் வந்துகொண்டிருந்தன, ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு சிறை அதிகாரியும் பக்கத்திலேயே இருக்க, அவர் அவற்றைப் பார்த்து முடிவு சொல்லி அனுப்பினார். குப்பைக்கும் குடிதண்ணீருக்கும் சிறையிலிருந்து உத்தரவு! அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை, 1925 தொடக்கத்தில் பர்மாவில் மாண்டலே சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

1930 ஆகஸ்டில் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தபோதும் அவர் சிறையில்தான் இருந்தார். செப்டம்பரில் வெளியே வந்து பதவியேற்றார். 1931 ஜனவரி 26இல் தடையை மீறி ஊர்வலத்தை நடத்திப் போனபோது போலீஸ் லத்தியால் அடித்துக் கைது செய்தது. ஒரு நகரத்தின் மேயரை, அவருடைய நகரத்துத் தெருவிலேயே.

இதற்காக அவர் மேயராக இருந்த காலத்தைப் பொற்காலம் என்று எழுதச் சொல்லவில்லை. செங்குப்தா கோஷ்டி, போஸ் கோஷ்டி என்று வங்காளக் காங்கிரஸ்காரர்கள் அந்த நாற்காலிக்கு இழுத்துக்கொண்ட இழுபறி கொஞ்சநஞ்சமல்ல. பதவியேற்றபோது அவர் பேசிய பேச்சில் சோஷலிசத்தின் சமத்துவமும் பாசிசத்தின் கட்டுப்பாடும் ஒன்றுசேர வேண்டும் என்கிற மாதிரி ஒரு பகுதி வருகிறது. ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த குடும்பங்கள் உள்ள ஊர் இது, அந்தப் பகுதியை நாம் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது.

இன்னொன்று. 1943 ஜூலை 5ஆம் தேதி அவர் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டது நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரில், அதாவது இன்றைய தேசியக் கலைக்கூடத்துக்கு எதிரில். அப்போது இந்த ஊருக்குச் சியோனான் என்று பெயர், ஜப்பானிய மேயர் ஒருவர் ஆண்டுகொண்டிருந்தார். கல்கத்தாவின் முன்னாள் மேயர் அந்த இடத்தில் நின்று என்ன நினைத்திருப்பார் என்று பாடாங் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

அடுத்த முறை கட்டுரை போடும்போது அந்தச் சீருடைப் படத்துக்குக் கீழே மேயர் கதைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள், அந்தப் பேச்சையும் விடாமல்.

வாசகர், தோ பாயோ