பம்பை இறக்கும் முன் ஹோஸைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தாலும் சரி, மேட்டில் ஏறும்போது இழுவை இல்லாமல் திணறினாலும் சரி, ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது ‘பம்ப் போச்சு, இறக்கணும்’ என்பதுதான். டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்ப்தான் அந்த காரிலேயே செலவு வைக்கும் பாகங்களில் ஒன்று. அதைக் கடைசியில் சந்தேகப்பட வேண்டும், முதலில் அல்ல. காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் முறை) வருவதற்கு முந்தைய, மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்களைத்தான் சொல்கிறேன்.

செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் பின்னால் நின்று சைலென்சரைப் பார்க்கட்டும். புகையே வரவில்லையா, சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளையாகப் புகை தள்ளுகிறதா, டீசல் போகிறது, எரியத்தான் இல்லை. அப்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் கம்ப்ரெஷன் என்று வேறு பக்கம் தேட வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது, ஆனால் செய்பவர்கள் குறைவு.

டீசல் போகவில்லை என்றால் அடுத்து டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள லைன். இந்த வகை கார்கள் பலவற்றில் டேங்கில் மோட்டார் கிடையாது, பம்பே டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் லைன் என்பதால் ஹோஸில் மயிரிழை விரிசல் விட்டாலும் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சுவது மாதிரிதான். ராத்திரி நிற்கும்போது அந்த வழியாகக் காற்று புகுந்து லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும், அதனால்தான் காலையில் அத்தனை நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, ஒருமுறை கிளம்பிவிட்டால் அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற, டீசல் தாங்கும் ஹோஸை மாட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரண்டு குமிழி வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. விடாமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று எடுக்கிறது. பழைய கிளிப், பில்டர் மேலுள்ள, கையால் அழுத்தி டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமர், காப்பர் வாஷர், டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு நடுவில் ஓடி மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ் எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

ஐடிலிங்கில் நன்றாக இருந்து வேகத்தில் மட்டும் திணறினால் அடைப்பாக இருக்கலாம். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தால், டீசலில் தண்ணீர் இருந்தால் அது அடியில் தனியாகத் தங்கிவிடும். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி சரியாக ஓடினால் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால், சுத்தமான டீசல் உள்ள கேனை பம்பைவிட உயரத்தில் பத்திரமாக வைத்து, அதிலிருந்து நேராக பம்புக்கு ஒரு ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸைத் திரும்ப அந்தக் கேனுக்கே விட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஓடினால் பம்ப் மேல் குற்றமில்லை. ஓடவில்லையென்றால் பம்ப் மேலிருக்கும் ஸ்டாப் சோலினாய்டு (சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின் வால்வு), சாவி போட்டதும் ‘டிக்’ என்கிறதா, 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பம்பில் கை வைக்கலாம்.

இன்னொன்று. டீசல் வருகிறதா என்று பார்க்க இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்துவது பழைய வழக்கம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும் என்பதால் அதில் இந்த வேலையே கூடாது.

உங்கள் நாளிதழில் புது மாடல்களைப் பற்றி எழுதும்போது, கூடவே இந்த மாதிரிப் பராமரிப்பு விஷயங்களுக்கும் படத்தோடு இடம் கொடுத்தால் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்